பவரோட்டியின் மேல் 'சி': மைக் இல்லாத கலையும் டூரினில் ஒலித்த பதிவும்

2006 பிப்ரவரி 10 அன்று இத்தாலியின் டூரின் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின் நிறைவாக, இத்தாலிய ஓபராப் பாடகர் லூச்சியானோ பவரோட்டி மேடையேறி, இசையமைப்பாளர் புச்சினியின் 'துராந்தோத்' ஓபராவிலிருந்து 'நெஸ்ஸுன் தோர்மா' பாடலை வழங்கினார். அவர் மக்கள் முன் தோன்றிப் பாடிய கடைசி நிகழ்ச்சி அதுவே. அவர் மறைந்த மறு ஆண்டில், டூரினில் இசைக்குழுவை நடத்திய லியோனே மஜேரா தம் நினைவுநூலில் ஓர் உண்மையை வெளியிட்டார். அன்று உலகம் கேட்ட குரல் முன்பே பதிவு செய்யப்பட்டது. இசைக்குழு வாசிப்பதாகவும், தாம் நடத்துவதாகவும், பவரோட்டி பாடுவதாகவும் பாவனை மட்டுமே செய்தார்கள்.

அந்தக் காணொளி இன்றும் இணையத்தில் சுற்றிவருகிறது. அதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பதிவுக்கு உதடசைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கிறார்கள். வேறு சிலர், அப்படியானால் அவருடைய புகழே பொய்யா என்று ஐயுறுகிறார்கள். இரண்டுக்கும் விடை காண, ஒரு டெனர் பாடகரிடம் ஓபரா என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டெனர் குரலும் அதன் உச்சியும்

ஓபரா என்பது உரையாடல் உட்பட ஏறக்குறைய எல்லாமே இசையாக நடக்கும் நாடகம். அதில் ஆண் குரல்கள் பொதுவாக மூன்று வகைப்படும்: அடியில் பாஸ், நடுவில் பாரிட்டோன், மேலே டெனர். பெரும்பாலான ஓபராக்களில் காதலனும் நாயகனும் டெனர்களே. டெனரின் எல்லை ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி. அதன் மேல்முனையில் இருப்பதுதான் மேல் 'சி' எனப்படும் சுரம். அது நொடிக்கு ஏறத்தாழ 523 அதிர்வுகள் கொண்டது.

கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால் இதன் உயரம் எளிதில் விளங்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தார ஸ்தாயி ஷட்ஜம் 262. கச்சேரியில் தார ஸ்தாயிப் பஞ்சமத்தில் நின்று நிரவினாலே அவையினர் நிமிர்ந்து உட்காருவார்கள். மேல் 'சி' அதையும் கடந்து, தைவதம், நிஷாதம் தாண்டி வரும் அடுத்த ஷட்ஜம். அதைப் பொய்க்குரலில் மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதாது. கீழே பாடிய அதே முழுக்குரலின் நிறத்தோடு நிறுத்திக் காட்ட வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கர்நாடகப் பாடகர் தம் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தாமே வைத்துக்கொள்கிறார். ஓபராவில் சுருதியை இசையமைப்பாளர் எழுதிவிடுகிறார். இசைக்குழுவும் உடன் பாடுபவர்களும் அதிலேயே கட்டுண்டிருக்கிறார்கள். தனிப் பாடலின் சுருதியை அரை சுரம் இறக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தாலும், அது வெளியே தெரிந்தால் விமர்சகர்கள் எழுதிவிடுவார்கள். பாடகர்தான் சுருதியிடம் போக வேண்டும். சுருதி அவரிடம் வராது.

எழுபது கருவிகளைத் தாண்டி ஒரு குரல்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 பேர் அமரலாம். மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் எழுபது, எண்பது பேர் கொண்ட இசைக்குழு முழங்கும். பாடகரின் முன் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வெறும் சத்தத்தால் இது நடக்காது. எழுபது கருவிகளைவிட உரக்கக் கத்த எந்தத் தொண்டையாலும் முடியாது. நடப்பது வேறு:

1. இசைக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குவிந்திருக்கிறது. அதற்கு மேலே போகப் போக அது வேகமாகச் சரிகிறது.

2. பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையின் உட்பகுதியை அகலப்படுத்துகிறார். அப்போது குரலின் மேலிழைகள், அதாவது பாடும் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வுகள், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிச் செறிவடைகின்றன. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி 1970-களில் இதை விரிவாக விளக்கினார். இத்தாலியப் பாடகர்கள் கணக்கு தெரியாமலே இந்த மணியோசைத் தன்மையை 'ஸ்குவில்லோ' என்று நெடுங்காலமாக அழைத்துவந்தனர்.

3. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறத்தாழ இதே பகுதியில்தான்.

ஆகவே இசைக்குழு வலுவிழக்கும் இடத்தில், காது விழித்திருக்கும் இடத்தில், பாடகரின் குரல் நுழைந்துவிடுகிறது. பவரோட்டியின் குரல் மேடையில் இருந்த குரல்களிலேயே பெரியது என்று எண்ணுவது பிழை. அவரைவிடக் கனமான குரல் கொண்ட டெனர்கள் அவர் காலத்திலேயே இருந்தனர். அவருடையது ஒளி மிகுந்த, கனமில்லாமல் இழைந்து பாடும் குரல். அந்த ஒளிதான் கடைசி வரிசைவரை சென்றது.

டெனருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மேல் 'சி'க்கு ஏறத்தாழ ஐந்தாறு சுரங்கள் கீழே, குரல் இயல்பாகவே உடையப் பார்க்கும் ஓர் இடம் வருகிறது. இத்தாலியர்கள் அதைப் 'பஸாஜ்ஜோ', அதாவது கடவு, என்பார்கள். பேச்சுக்குரலின் திறந்த உயிரொலியோடு அந்த இடத்தைக் கடந்தால் பாட்டு கூச்சலாகிவிடும். பிடியை விட்டால் பொய்க்குரலாகிவிடும். உயிரொலியைச் சற்றே உருட்டி, மூச்சின் தாங்குதலை விடாமல், கேட்பவர் அறியாதபடி அந்தக் கடவைத் தாண்டுவதே டெனர் பயிற்சியின் பெரும்பகுதி. இளமையில் பவரோட்டி பாடிய பதிவுகளில் அந்தத் தையல் எங்கே விழுந்தது என்று தேடினாலும் அகப்படாது. மேல் சுரங்களைவிட இதையே அவருடைய முதன்மையான சாதனையாக நான் கருதுகிறேன்.

மோடெனாவின் ரொட்டிக்கடைக் குடும்பம்

பவரோட்டி 1935 அக்டோபர் 12 அன்று வட இத்தாலியின் மோடெனா நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்னாண்டோ ரொட்டி சுடும் தொழிலாளி. தாய் அடேலே சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தந்தைக்கு நல்ல டெனர் குரல் இருந்தும் மேடைக்கூச்சத்தால் தொழில்முறைப் பாடகராகவில்லை. தேவாலயத்திலும் ஊர்ப் பாடகர் குழுவிலும் பாடிவந்தார். வீட்டில் ஜீலி, கருசோ போன்ற முன்னோடி டெனர்களின் இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

சிறுவனாக இருந்தபோது, மோடெனாவுக்கு வந்த பெனியாமினோ ஜீலியைச் சந்தித்ததைப் பவரோட்டி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். எவ்வளவு காலம் இசை படித்தீர்கள் என்று சிறுவன் கேட்டதற்கு, சற்று முன்புதான் இன்றைய படிப்பை முடித்தேன் என்ற பொருளில் ஜீலி பதிலளித்தாராம். அப்போது ஜீலி உலகப் புகழ் பெற்றவராக இருந்தார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் பவரோட்டி இரண்டு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு காப்பீடு விற்றார். முப்பது வயதுவரை உணவும் உறைவிடமும் தருவதாகவும், அதற்குள் பாட்டில் நிலைக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்றும் வீட்டில் உடன்பாடு ஏற்பட்டது. அர்ரிகோ போலா என்னும் டெனர் அவருக்குக் கட்டணம் வாங்காமல் கற்பித்தார். அடுத்து எத்தோரே கம்போகல்லியானியிடம் பயின்றார். 1955-இல் தந்தையோடு ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து வேல்ஸ் நாட்டின் லான்கொத்லென் பன்னாட்டு இசைவிழாவுக்குச் சென்றார். அங்கே அவர்களுடைய குழு முதல் பரிசு பெற்றது. அந்த வெற்றிதான் தம்மைப் பாடகராக்கியது என்று அவர் சொல்லிவந்தார்.

பின்னர் குரல்நாண்களில் முடிச்சு ஏற்பட்டு, பாட்டையே விட்டுவிட எண்ணிய காலமும் வந்தது. முடிச்சு மறைந்தபின் குரல் முன்னிலும் தெளிவாகத் திரும்பியது. 1961 ஏப்ரல் 29 அன்று, ரெஜ்ஜோ எமிலியா நகரில், போட்டியொன்றில் வென்றதன் பயனாக, புச்சினியின் 'லா போஎம்' ஓபராவில் ரொடோல்ஃபோ என்னும் ஏழைக் கவிஞனாக முதன்முதல் மேடையேறினார். முப்பது வயதுக் கெடுவுக்கு இன்னும் நான்கரை ஆண்டுகள் மிச்சமிருந்தன.

சதர்லேண்டிடம் கற்ற மூச்சு

1963-இல் லண்டனின் காவென்ட் கார்டன் அரங்கில், உடல்நலம் குன்றிய ஜூசெப்பே டி ஸ்தெஃபானோவுக்கு மாற்றாகப் பாடும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே அவரைக் கவனித்தவர்கள் ஆஸ்திரேலிய சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகி ஜோன் சதர்லேண்டும் அவர் கணவரான இசைநடத்துநர் ரிச்சர்ட் போனிங்கும். சதர்லேண்ட் உயரமானவர், அவருக்கு ஈடாக மேடையில் நிற்கக்கூடிய உயரமான டெனர் தேவைப்பட்டார் என்பதும் ஒரு காரணம். 1965-இல் அவர்களோடு ஆஸ்திரேலியாவில் நீண்ட சுற்றுப்பயணம் செய்த பவரோட்டி, ஒத்திகைகளில் சதர்லேண்டின் விலாவில் கைவைத்து, மூச்சு எங்கே தாங்கப்படுகிறது என்பதைத் தொட்டறிந்து கற்றதாகப் பின்னாளில் விவரித்தார். மேல் சுரங்களை நம்பிக்கையோடு அடுக்கும் ஆற்றல் அவருக்கு உறுதிப்பட்டது இந்தப் பயணத்தில்தான்.

ஒன்பது 'சி'க்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 'படைப்பிரிவின் மகள்' என்னும் பிரெஞ்சு ஓபரா 1840-இல் பாரிஸில் அரங்கேறியது. அதில் டோனியோ என்னும் இளைஞன் தன் காதலிக்காகப் படையில் சேர்ந்துவிட்ட மகிழ்ச்சியில் பாடும் பாடலில், வழக்கமாக ஒன்பது முறை மேல் 'சி' வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெனர்கள் அந்த உயரத்தை மென்மையான கலப்புக் குரலிலேயே தொட்டுவந்தனர். ஜில்பேர் துப்ரே என்னும் பிரெஞ்சு டெனர் 1830-களில் இத்தாலியிலும் பிறகு பாரிஸிலும் மேல் 'சி'யை முழு நெஞ்சுக்குரலில் பாடிக் காட்டியபின் இரசிகர்களின் எதிர்பார்ப்பே மாறிவிட்டது. இசையமைப்பாளர் ரோஸ்ஸினி அந்த ஒலியை வெறுத்தார். ஆனால் அரங்கம் துப்ரேயின் பக்கம் நின்றது. அன்று முதல் முழுக்குரல் மேல் 'சி' டெனரின் உரைகல் ஆனது.

பவரோட்டி டோனியோவை 1966-இல் காவென்ட் கார்டனில் சதர்லேண்டோடு பாடினார். 1972 பிப்ரவரி 17 அன்று மெட்ரோபாலிட்டன் அரங்கில் அதே வேடத்தைப் பாடியபோது, ஒன்பது 'சி'க்களும் ஒன்றன்பின் ஒன்றாக, முழுக்குரலில், சிரமத்தின் சுவடே இல்லாமல் வந்தன. அந்த இரவில் 17 முறை திரை விலகி அவர் அவையை வணங்க நேர்ந்தது. 'மேல் சி-க்களின் மன்னர்' என்னும் பட்டம் அதிலிருந்து நிலைத்தது.

அந்தப் பாடலின் கடினம் உயரத்தில் மட்டும் இல்லை. 'சி'க்கள் பெரும்பாலும் கீழிருந்து தாண்டலாக வருகின்றன. தாண்டிப் போய்ச் சரியாக அதன் நடுப்புள்ளியில் இறங்க வேண்டும். இடையே மூச்சு எடுக்கக் கிடைப்பது நொடிப்பொழுது. ஒன்று பிசகினாலும் அடுத்தது அதைவிட மோசமாகும். இத்தனைக்கும் நடுவே டோனியோ மகிழ்ச்சியில் துள்ளுபவனாகத் தெரிய வேண்டும். சொற்களின் தெளிவையும் சிரிப்பையும் சுரங்களுக்குப் பலியிடாமல் பாடியதால்தான் பவரோட்டியின் பதிவு இன்றும் அளவுகோலாக வைக்கப்படுகிறது.

அதற்குப் பின் வந்த புகழைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1977-இல் மெட்ரோபாலிட்டன் அரங்கம் 'லைவ் ஃப்ரம் த மெட்' என்னும் தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்புத் தொடரைத் தொடங்கியபோது, 'லா போஎம்' ஓபராவில் அவரும் ரெனாத்தா ஸ்கொத்தோவும் பாடினர். 1988-இல் பெர்லினில் டோனிசெட்டியின் 'காதல் மருந்து' முடிந்ததும் 165 முறை திரை விலகியது. கைதட்டல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. மெட்ரோபாலிட்டன் மேடையில் மட்டும் அவர் 379 முறை தோன்றினார்.

அரங்கத்திலிருந்து மைதானத்துக்கு

1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு, பிபிசி தன் ஒளிபரப்பின் முகப்பிசையாகப் பவரோட்டியின் 'நெஸ்ஸுன் தோர்மா' பதிவைத் தேர்ந்தெடுத்தது. மும்பையில் பிறந்த இசைநடத்துநர் சுபின் மேத்தா நடத்த, 1972-இல் லண்டனில் செய்யப்பட்ட பதிவு அது. பிரிட்டனின் பாப் பாடல் வரிசையில் அது இரண்டாம் இடம்வரை ஏறியது. இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், ஜூலை 7 அன்று, ரோமின் கராகல்லா குளியல் மண்டப இடிபாடுகளில், ஸ்பானிய டெனர்களான பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ் ஆகியோரோடு மேத்தாவின் தலைமையில் அவர் பாடினார். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த கரேராஸை வரவேற்கும் நிகழ்ச்சியாகவும் அது அமைந்தது. 'மூன்று டெனர்கள்' என்ற பெயரில் வந்த அதன் ஒலித்தட்டு, செவ்வியல் இசையில் அதுவரை காணாத விற்பனையைக் கண்டது. அடுத்த ஆண்டு லண்டன் ஹைட் பூங்காவில் கொட்டும் மழையிலும், 1993-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இலட்சக்கணக்கானோர் முன்னும் அவர் பாடினார்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. உலகம் அவரோடு சேர்த்து நினைக்கும் 'நெஸ்ஸுன் தோர்மா', அவருடைய இயல்பான குரல்வகைக்கு எழுதப்பட்டதன்று. அதைப் பாடும் காலாஃப் இளவரசனின் வேடம் கனத்த குரலைக் கேட்பது. முழு ஓபராவில் அந்த வேடத்தை அவர் மிகச் சில முறையே மேடையில் பாடினார். அப்பாடலின் உச்சமும் மேல் 'சி' இல்லை, அதற்கு அரை சுரம் கீழான 'பி'. புச்சினி எழுதிய தாளில் அது கணநேரச் சுரம், நீட்டிப் பிடிப்பது பாடகர்கள் வளர்த்த மரபு. இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. பூங்காவிலும் மைதானத்திலும் மைக் இல்லாமல் எவராலும் பாட முடியாது. மூன்றாயிரம் ஹெர்ட்ஸ் ஒளியால் இசைக்குழுவைக் கடக்கும் கலை, அங்கே ஒலிபெருக்கியின் வேலையாகிவிடுகிறது. பவரோட்டி இதை அறிந்தேதான் செய்தார். ஓபரா அரங்குக்கு வர வழியில்லாதவர்களிடம் பாட்டைக் கொண்டுசேர்ப்பதாக அவர் உறுதியாக நம்பினார். ஒலிபெருக்கியில் பாடினாலும் அந்தக் கணத்தில் பாடுபவர் அவரே என்பதால், இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரிவு

குரல்நாண்கள் தசையும் சவ்வும் கொண்டவை. வயதோடு அவற்றின் நெகிழ்ச்சி குறையும். டெனருக்கு முதலில் போவது உச்சிதான். பவரோட்டியின் உடல் எடை, மூட்டு வலி, ஓயாத பயணம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. ஒப்புக்கொண்ட 41 நிகழ்ச்சிகளில் 26-ஐ இரத்து செய்துவிட்டார் என்பதால் சிகாகோவின் லிரிக் ஓபரா நிறுவனம் 1989-இல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. 1992 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் வெர்தியின் 'டோன் கார்லோ'வில் குரல் பிசகியபோது, மேல்மாடத்து இரசிகர்கள் ஊளையிட்டனர். தவறு தம்முடையதே என்று அவர் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மோடெனாவில் நடந்த கச்சேரியொன்றில் பதிவுக்கு உதடசைத்ததும் வெளிவந்தது. 1995-இல் டோனியோவாக மெட்ரோபாலிட்டன் மேடைக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 60. அந்தப் புகழ்பெற்ற பாடலின் சுருதி இறக்கப்பட்டது. 2004 மார்ச் 13 அன்று அங்கே 'தோஸ்கா'வில் பாடி, ஓபரா மேடையிலிருந்து விடைபெற்றார்.

டூரினில் நடந்தது என்ன

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. ஓபரா அரங்கில் மைக் இல்லாமல் பாடுவது. பாடகருக்கும் அவைக்கும் இடையிலான வாக்குறுதி முழுமையாக இருப்பது இங்கேதான்.

2. திறந்தவெளியில் மைக் வைத்துப் பாடுவது. குரலை எடுத்துச்செல்வது கருவி. பாடுவதும் பிசகுவதும் அந்தக் கணத்து மனிதர்.

3. முன்பதிவை ஒலிக்கவிட்டு உதடசைப்பது. பிசக வழியே இல்லாததால், பாடகரின் துணிவுக்கும் அங்கே இடமில்லை.

திரையில் உதடசைக்கும் நடிகர் பாடகராகத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. பின்னணிப் பாடகரின் பெயர் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. பிசகும் அபாயத்தையே மதிப்பாகக் கொண்ட கலையில், அறிவிக்காமல் மூன்றாம் நிலையை முதலிரண்டு போலக் காட்டியதுதான் டூரினின் குறை. அதை நியாயப்படுத்த நான் முயலவில்லை. ஆயினும் சூழலையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி மாத இரவுக் கடுங்குளிர் திறந்தவெளியில் எந்தப் பாடகரின் தொண்டையையும் இறுக்கிவிடும். பவரோட்டிக்கு அப்போது வயது 70; வலியோடு நடமாடிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் கணையப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டு, அந்த ஜூலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

டூரினில் ஒலித்த குரலும் அவருடையதே, சில நாட்கள் முன்பு அவர் பாடியதே. அது 1972-இன் குரலாக இருக்க முடியாது. ஒன்பது 'சி'க்கள் மைக் இல்லாத மேடையில், சாட்சியாக அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் முன் பாடப்பட்டவை. அவற்றை டூரின் பொய்யாக்கிவிடவில்லை. அவரைப் புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் ஒலிம்பிக் காணொளியை விடுத்து, 1960-களின் பிற்பகுதி முதல் 1970-கள் வரையிலான ஓபராப் பதிவுகளிலிருந்து தொடங்குவதே முறை.

பவரோட்டி 2007 செப்டம்பர் 6 அன்று மோடெனாவில் தம் வீட்டில் காலமானார். செப்டம்பர் 8 அன்று அந்நகரின் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. சடங்கின்போது அங்கே ஒரு பழைய பதிவை ஒலிக்கச் செய்தார்கள்: 1978-இல் அவரும், ரொட்டி சுட்டு வாழ்ந்த தந்தை ஃபெர்னாண்டோவும் சேர்ந்து பாடிய 'பானிஸ் ஆஞ்செலிகுஸ்'. இலத்தீனில் அதன் பொருள், வானவர்களின் அப்பம்.